“கொஞ்ச நேரம் சும்மா பார்க்க விடுங்களேன்”: வீட்டுக்கல்வி தரும் ஒரு தாய்க்குப் பதில்

மூன்று பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்கும் ஒரு கிறிஸ்தவத் தாய் எழுதிய நீண்ட கடிதத்துக்கு இம்முறை பதில் எழுதுகிறேன். பெயர், ஊர், குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடிய பிற விவரங்கள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன்.

மூத்த மகளுக்கு வயது 13, மகனுக்கு 9, கடைக்குட்டிப் பெண்ணுக்கு 4. மூத்தவள் இரண்டாம் வகுப்பை முடித்த ஆண்டில் கணவனும் மனைவியும் பல நாள் ஜெபித்துப் பேசி, பள்ளியை விட்டு வீட்டுக்கல்விக்கு மாறினார்கள். கணவர் வேலைக்குப் போகிறார்; கற்பிக்கும் பொறுப்பு ஏறக்குறைய முழுவதும் தாயின் தலையில்தான். காலையில் குடும்ப ஜெபமும் வேதவாசிப்பும், பிறகு நண்பகல்வரை பாடங்கள், வாரத்தில் ஒரு நாள் எங்காவது வெளியே போவது என்பது அந்த வீட்டின் ஒழுங்கு. அருங்காட்சியகம், உயிரியல் பூங்கா, நூலகம், ஆற்றங்கரை என்று எங்கே போனாலும் முந்தின இரவே தாய் உட்கார்ந்து கேள்வித்தாள் தயாரித்துவிடுவார். இடத்துக்குப் பொருத்தமாக ஒரு மனப்பாட வசனமும் இருக்கும். வீடு திரும்பியதும் மூத்த பிள்ளைகள் இருவரும் ‘பயண நோட்டில்’ ஒரு பக்கம் எழுத வேண்டும். முழுப் பக்கம் எழுதினால் ஒரு தங்க நட்சத்திர ஸ்டிக்கர். ஸ்டிக்கர்கள் சேர்ந்தால் ஒரு பரிசு.

சில மாதங்களாக மூத்த மகளுக்கு இந்தப் பயணங்கள் பிடிக்கவில்லை. மீன் காட்சியகத்தில் நடந்த ஒன்றை அந்தத் தாய் விரிவாகவே எழுதியிருக்கிறார். ஒரு பெரிய தொட்டியின் கண்ணாடியில் நெற்றியை ஒட்டியபடி மகள் நின்றிருக்கிறாள். தாய் அருகே போய், பெயர்ப்பலகையை வாய்விட்டுப் படித்து, நீரில் வாழும் உயிர்களைத் தேவன் எந்த நாளில் படைத்தார் என்று கேட்டிருக்கிறார். மகள் திரும்பிப் பார்க்காமலே, “ஐந்தாம் நாள். அம்மா, கொஞ்ச நேரம் சும்மா பார்க்க விடுங்களேன்” என்றிருக்கிறாள். தம்பி தங்கைக்கு முன்னால் அப்படிப் பேசியதற்காகத் தாய் அங்கேயே கண்டித்திருக்கிறார். வீடு வந்து சேரும்வரை காரில் யாரும் பேசவில்லை. அடுத்த வாரம் அவள், “நான் வரவில்லை. என்னைப் பள்ளிக்கூடத்திலாவது சேர்த்துவிடுங்கள்” என்று சொல்லிவிட்டாள்.

இதோடு வேறு மனச்சுமைகளும் சேர்ந்திருக்கின்றன. பிள்ளைகளுக்கு நாலு பேரோடு பழகத் தெரியவில்லை என்று மாமியார் குறைபட்டுக்கொள்கிறார். வார நாளில் பிள்ளைகளை வெளியே பார்ப்பவர்கள், பள்ளிக்கூடம் இல்லையா என்று விசாரிப்பதோடு நில்லாமல், வாய்ப்பாடு சொல்லச் சொல்லிச் சோதிக்கிறார்கள். யாராவது புகார் கொடுத்துவிடுவார்களோ என்ற அச்சமும் உண்டு. அவர் என்னிடம் கேட்பவை இவை: மகள் செய்வது, பெற்றோரைக் கனம்பண்ண வேண்டும் என்ற கட்டளையை மீறுவதல்லவா? அவளைக் கட்டாயப்படுத்தி அழைத்துப் போவதா, பயணங்களையே நிறுத்திவிடுவதா? வார நாளில் வெளியே போவதால் சட்டச் சிக்கல் வருமா? பள்ளிக்கு அனுப்பினால், தேவனுக்கு முன்பாக எடுத்த தீர்மானத்தில் தோற்றுப்போனதாக ஆகாதா?

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஓர் இடத்தில் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். உங்கள் மகள் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறாள்; ‘ஐந்தாம் நாள்’ என்று சரியாகவே சொல்கிறாள். அதற்குப் பிறகுதான் தன்னைச் சும்மா விடும்படி கேட்கிறாள். நீங்கள் கற்றுக்கொடுத்த எதையும் அவள் தள்ளிவிடவில்லை. வேதத்தையோ, உங்கள் விசுவாசத்தையோ அவள் மறுத்ததாக உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. அவள் கேட்டது சில நிமிடங்கள். அந்தச் சில நிமிடங்களில் பக்கத்தில் நிற்பவர் ஆசிரியையாக இல்லாமல் அம்மாவாக இருக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய விருப்பம்.

பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு மணி அடித்ததும் ஆசிரியையிடமிருந்து விடுதலை கிடைக்கிறது. வீட்டில் இருப்பது அம்மா. உங்கள் பிள்ளைகளுக்கு அந்த மணி அடிப்பதில்லை. காலையில் கணக்கைத் திருத்தியவரும், மதியம் சாப்பாடு போட்டவரும், மாலையில் பூங்காவுக்கு அழைத்துப் போனவரும் ஒருவரே. வீட்டுக்கல்வியின் பெரிய நன்மையும் இதுதான், அதில் மறைந்திருக்கும் இடரும் இதுதான். நீங்களாக முன்வந்து பாடத்தை முடித்துவைத்தாலொழிய, அந்த வீட்டில் பாடவேளை முடிவதே இல்லை. வெளியே போகும் நாளிலும் நீங்கள் கேள்வித்தாளோடு வந்தால், அம்மாவோடு வெளியே போய்வந்தோம் என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு ஒரு நாளும் மிஞ்சாது. உங்கள் சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். மற்றவற்றை இதிலிருந்து பார்ப்போம்.

மறுப்பு எல்லாம் கீழ்ப்படியாமை ஆகாது

13 வயதில் ஒரு பெண் தனியாக இருக்க விரும்புவதும், தன் விருப்பு வெறுப்புகளைச் சொல்லிப் பார்ப்பதும், குடும்பத்தோடு எல்லா இடத்துக்கும் போகத் தயங்குவதும் வளர்ச்சியின் இயல்பான பகுதி. பள்ளிக்குப் போகும் பிள்ளைகளிடமும் இதே வயதில் இதைப் பார்க்கலாம்; ஆகவே இது வீட்டுக்கல்வியால் வந்த வினை என்று உங்களை நொந்துகொள்ள வேண்டாம். கனம்பண்ணுதல் என்ற கட்டளையை நினைவுபடுத்துகிறீர்கள். அதே வேதம், “பிதாக்களே, உங்கள் பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி, அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள்” என்று கொலோசெயர் 3:21இல் பெற்றோருக்கும் ஓர் எல்லையைப் போடுகிறது. திடனற்றுப்போவது என்பது, எவ்வளவு செய்தாலும் போதவில்லை என்று பிள்ளை உள்ளுக்குள் சோர்ந்துபோவது. உங்கள் மகளின் பேச்சில் எனக்குக் கேட்பது அந்தச் சோர்வுதான்.

உங்கள் மகளின் வயதுக்கு நெருங்கிய ஒரு பிள்ளையைப் பற்றி லூக்கா இரண்டாம் அதிகாரத்தில் படிக்கிறோம். பன்னிரண்டு வயதுள்ள இயேசு பண்டிகைக்காக எருசலேமுக்குப் போன பயணம் அது. திரும்பும் வழியில் பிள்ளை பிரயாணக்காரரின் கூட்டத்தில் இருப்பார் என்று நினைத்து, யோசேப்பும் மரியாளும் ஒரு நாள் தூரம் நடந்துவிடுகிறார்கள். பிறகுதான் உறவினரிடத்திலும் அறிமுகமானவர்களிடத்திலும் தேடுகிறார்கள். அந்த வயதுப் பிள்ளை ஒரு பகல் முழுவதும் பெற்றோரின் கண்பார்வைக்கு வெளியே, உறவினரோடும் தெரிந்தவர்களோடும் நடந்து வருவது அந்தக் குடும்பத்தில் கவலைப்படத்தக்க செய்தியாக இல்லை. தேவாலயத்தில் கண்டுபிடித்தபோது தாய் வேதனையோடு கேட்கிறாள். பிள்ளை பதிலுக்கு ஒரு கேள்வியையே கேட்கிறது. அந்தப் பதில் பெற்றோருக்கு விளங்கவுமில்லை. அதன் பின்னும் அவர் அவர்களோடு நாசரேத்துக்குப் போய், அவர்களுக்குக் கீழ்ப்படிந்திருந்தார் என்றே அந்தப் பகுதி முடிகிறது. தன் மனதைத் திறந்து பேசுவதும் கீழ்ப்படிந்து நடப்பதும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்திருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று உங்களுக்கு வேண்டாம்.

பேசிய தொனி சரியில்லை என்று உங்களுக்குப் பட்டால், அதைத் தனியாக, தம்பி தங்கை இல்லாத இடத்தில் சொல்லுங்கள். அவள் கேட்டதை அந்தத் தொனிக்காக நிராகரிக்காதீர்கள், இரண்டும் வெவ்வேறு.

ஒன்றை மட்டும் கவனமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்வேன். வெளியே வர மறுப்பது ஒருபுறமிருக்க, முன்பு ஆசையோடு செய்தவற்றிலும் அவளுக்கு ஈடுபாடு போய்விட்டதா, தூக்கம் அல்லது சாப்பாடு குறைந்தோ மிகுந்தோ இருக்கிறதா, காரணமில்லாமல் அழுகிறாளா, தான் எதற்கும் உதவாதவள் என்பதுபோலப் பேசுகிறாளா? இவை இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ தாமதிக்காமல் அழைத்துப் போங்கள். செத்துப்போகலாம் என்ற பேச்சு ஒரு முறை வந்தாலும் காத்திருக்க வேண்டாம், அன்றே அழைத்துப் போங்கள். ஜெபத்தோடு சேர்த்துச் செய்ய வேண்டியது அது. ஜெபத்துக்குப் பதிலாகச் செய்வதல்ல. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அவள் வீட்டில் ஆர்வமாகப் படிக்கிறாள், படம் வரைகிறாள், தங்கையோடு விளையாடுகிறாள். ஆகவே அந்த நிலை இப்போது இல்லை என்றே தோன்றுகிறது.

எல்லாப் பயணமும் பாடமாக வேண்டியதில்லை

உபாகமம் 6:7ஐ உங்கள் வீட்டுக்கல்வியின் அடித்தளம் என்று எழுதியிருக்கிறீர்கள். “நீ உன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும் அவைகளைக் குறித்துப் பேசி” என்ற அந்த வசனத்தை, ஒரு நிமிடத்தையும் போதிக்காமல் விடக் கூடாது என்பதாக நீங்கள் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். எனக்கு அது வேறு விதமாகப் படுகிறது. உட்காருவதும் நடப்பதும் படுப்பதும் எழுவதும் எல்லா வீட்டிலும் தானாக நடக்கும் காரியங்கள். பேச்சு அவற்றின் ஊடே வருகிறது. நடை நடையாக இருக்கும்போதுதான் வழியில் பேசுவது பேச்சாக இருக்கும். நடையே தேர்வாகிவிட்டால் பிள்ளை வாயைத் திறக்கும் முன் சரியான விடை எது என்றுதான் யோசிக்கும்.

உங்கள் மகனைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி மகளின் மறுப்பைவிட என்னை அதிகமாகக் கவலைப்படுத்தியது. ஆற்றங்கரையில் ஒரு கல்லைப் புரட்டப் போனவன், கையை அப்படியே நிறுத்தி, “அம்மா, இதை நோட்டில் எழுத வேண்டுமா?” என்று கேட்டதாகவும், ஆம் என்றதும் கல்லை விட்டுவிட்டு வந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். கல்லுக்கு அடியில் என்ன இருக்கிறது என்ற ஆசை அவனுக்கு இருந்தது. ஒரு பக்கம் எழுத வேண்டும் என்ற விலை அந்த ஆசையை வென்றுவிட்டது. மகள் வாய்திறந்து சொன்னதை இவன் பேசாமல் செய்து காட்டியிருக்கிறான்.

தங்க நட்சத்திரம் இதைச் சரிசெய்யும் என்று எதிர்பார்த்தீர்கள். 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கே உதவும். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகள் சிலரிடம், வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த ஒரு சான்றிதழ் தருவதாகச் சொல்லி வரையவைத்தார்கள். சில நாள் கழித்துப் பார்த்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் தாமாக வரையச் செலவிட்ட நேரம் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் அந்தக் குறைவு இல்லை. ஆசையே இல்லாத ஒரு வேலையைத் தொடங்கிவைக்கப் பரிசு பயன்படலாம். தானாக இருக்கும் ஆசையின்மேல் பரிசை ஏற்றினால், இதைப் பரிசுக்காகத்தான் செய்கிறோம் என்று பிள்ளையின் மனம் கணக்குப் போட்டுக்கொள்கிறது. ஆகவே ஸ்டிக்கர்களை நிறுத்திவிடுங்கள். நிறுத்தும்போது, இதுவரை சேர்ந்த நட்சத்திரங்களுக்கு உரிய பரிசை முழுமையாகக் கொடுத்துவிட்டு நிறுத்துங்கள். இல்லாவிட்டால் தண்டனை என்று எடுத்துக்கொள்வார்கள்.

அருங்காட்சியகத்தில் அரை மணி நேரத்திலேயே பிள்ளைகள் சிணுங்குவதை நன்றியின்மை என்கிறீர்கள். பெரியவர்களுக்கும் அங்கே களைப்பு வரும். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன், பார்வையாளர்கள் குனிந்தும் வளைந்தும் எட்டியும் படும் பாட்டைப் புகைப்படங்களோடு விளக்கி, ‘அருங்காட்சியகக் களைப்பு’ என்று 1916இலேயே கட்டுரை எழுதினார். வளர்ந்தவர் உயரத்துக்கு வைக்கப்பட்ட பொருள்களை அண்ணாந்து பார்க்கும் நான்கு வயதுக் குழந்தையை நினைத்துப் பாருங்கள். ஒரே ஒரு கூடத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் பார்க்க வேண்டும் என்ற ஆசை மிச்சமிருக்கும்போதே வெளியே வந்துவிடுவது நல்லது.

வீட்டுக்கல்வி தரும் கிறிஸ்தவப் பெற்றோர் பலர் இன்றும் பின்பற்றும் ஆங்கிலக் கல்வியாளர் சார்லட் மேசன் (1842–1923), சிறு பிள்ளைகள் நாள்தோறும் பல மணி நேரம் வெளியில் இருக்க வேண்டும் என்றவர். இயற்கைக் குறிப்பேடு என்ற வழக்கத்தைப் பரப்பியவரும் அவரே. உங்கள் பயண நோட்டுக்கு மூலம் அங்கேதான் இருக்கக்கூடும். அதே மேசன், வெளியில் இருக்கும்போது தாய் அதிகம் பேசக் கூடாது என்றும் வற்புறுத்தினார். இயற்கையின் அழகைப் பிள்ளைக்குச் சுட்டிக்காட்டுவதுகூட எப்போதாவதுதான் இருக்க வேண்டும், அதையும் அறிவுரைச் சொற்களால் செய்யாமல் பார்வையாலும் முகமலர்ச்சியாலும் செய்ய வேண்டும் என்பது அவருடைய எண்ணம். நோட்டை எடுத்துக்கொண்ட பலர் இந்த இரண்டாவது பாதியை விட்டுவிடுகிறார்கள்.

ஆகவே பயணங்களை நிறுத்தவும் வேண்டாம், அவளைக் கட்டாயப்படுத்தவும் வேண்டாம். பயணங்களை இரண்டு வகையாகப் பிரித்துவிடுங்கள். மாதத்தில் ஒன்று பாடத்தோடு சேர்ந்த பயணம். அது பாடம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், எதற்காகப் போகிறோம் என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், மூத்தவளும் அதற்கு வர வேண்டும். கணக்குப் பாடத்தைப்போல அதுவும் ஒரு பாடம். மற்ற வாரங்களில் போவது வெறும் வெளியே போவது. அந்த நாள்களில் நீங்கள் கேள்வி கேட்கக் கூடாது. அவர்கள் கேட்டால் பதில் சொல்லலாம். முதல் சில வாரங்கள் இது உங்களுக்கு மிகக் கடினமாக இருக்கும். வாய்வரை வந்த கேள்வியை விழுங்க வேண்டியிருக்கும். பிள்ளைகளும் உடனே நம்பமாட்டார்கள். எப்போது நோட்டு வெளியே வருமோ என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அது தீரும்வரை பொறுத்திருங்கள். மனப்பாட வசனத்துக்குக் குடும்ப ஜெபவேளை இருக்கிறது. அங்கே அது நன்றாகவே நடக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இந்தப் பாடமில்லாத நாள்களில் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையை ஆளுக்கு ஒரு வாரம் என்று விடுங்கள். மூத்தவள் சில வாரம் வரவில்லை என்றால், அவள் வயதையும் உங்கள் நாட்டுச் சட்டத்தையும் பார்த்து, நம்பத் தகுந்த பெரியவர் ஒருவரோடு அவளை இருக்க விடலாம். வந்தாலும், ஒரு புத்தகத்தோடு மரத்தடியில் உட்கார்ந்துகொள்ள விடலாம். அப்படி ஒதுங்கி உட்கார்ந்திருப்பதும் வந்ததாகவே கணக்கு. ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்று 1989ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 31ஆம் பிரிவில் சொல்கிறது. தன்னைப் பாதிக்கும் காரியங்களில் கருத்துச் சொல்லும் உரிமையை 12ஆம் பிரிவு தருகிறது. இவற்றை உலகத்தாரின் வாதம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். சாப்பிடவும் சமயமில்லாதிருந்த சீஷர்களை, “தனித்துச் சற்றே இளைப்பாறும்படி போவோம் வாருங்கள்” என்று அழைத்த ஆண்டவரைத்தான் நீங்களும் பின்பற்றுகிறீர்கள்.

மகளோடு மட்டும் நேரம் செலவிட வழியே இல்லை என்ற உங்கள் வரிக்கும் ஒரு பதில் உண்டு. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாயாகிய சூசன்னா வெஸ்லி 19 பிள்ளைகளைப் பெற்று, பிழைத்தவர்களை வீட்டிலேயே படிப்பித்தவர். அவ்வளவு பெரிய குடும்பத்திலும் வாரத்தின் மாலைகளைப் பிரித்து, ஒவ்வொரு பிள்ளையோடும் தனியாகப் பேச நேரம் வைத்திருந்தார். ஜானுக்கு வியாழக்கிழமை. வளர்ந்து ஆளான பிறகு 1732இல் தாய்க்கு எழுதும்போது, அந்த வியாழக்கிழமை மாலையின் சிறு பகுதியைத் தனக்காக மறுபடியும் ஒதுக்க முடியுமா என்று ஜான் கேட்டார். உங்கள் கணவர் வாரத்தில் ஒரு மாலை சின்னவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டால் போதும். நீங்களும் மகளும் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வரலாம். அந்த நடையில் அவளுடைய குறைகளைப் பேசாதீர்கள்.

பல இடங்களுக்குப் போவது நட்பைத் தருமா?

மாமியார் சொல்வதை நீங்கள் குத்தலாக எடுத்துக்கொள்கிறீர்கள். சொன்ன விதம் எப்படியோ, சொன்ன பொருளில் பாதி உண்மை இருக்கிறது. உங்கள் பிள்ளைகளுக்குப் பழகத் தெரியாது என்று நான் நினைக்கவில்லை. காவலாளியோடும் நூலகரோடும் மகன் நன்றாகப் பேசுகிறான் என்கிறீர்கள். ஆனால் வாரம் ஒரு புதிய இடத்துக்குக் குடும்பமாகப் போய்வருவதால் 13 வயதுப் பெண்ணுக்கு ஒரு தோழி கிடைத்துவிடமாட்டாள். நட்பு உண்டாக வேண்டுமானால் அதே முகங்களை அதே இடத்தில் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். பக்கத்தில் அம்மா இல்லாமலும் இருக்க வேண்டும். பள்ளிக்குப் போக வேண்டும் என்று அவள் கேட்டதற்குப் பின்னால் இந்த ஏக்கம் இருக்கலாம். ‘பள்ளியில் உனக்கு எது கிடைக்கும் என்று நினைக்கிறாய்?’ என்று அவளிடம் ஒரு முறை கேளுங்கள். கேட்டுவிட்டுக் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேளுங்கள்.

சபையின் வாலிபர் கூட்டம், பாடகர் குழு, வேறு வீட்டுக்கல்விக் குடும்பங்களோடு சேர்ந்த வாராந்தரக் கூட்டு வகுப்பு, நீச்சலோ இசையோ கற்றுத்தரும் பயிற்சி என்று ஏதாவது ஒன்றை அவள் தேர்ந்தெடுக்கட்டும்; ஓராண்டாவது தொடர்ந்து போகட்டும். சபைக்கு வெளியே உள்ள ஒரு குழுவை அவள் தேர்ந்தெடுத்தால் உங்களுக்குத் தயக்கம் வரும். யார் நடத்துகிறார்கள், எத்தனை பெரியவர்கள் உடனிருக்கிறார்கள், பிள்ளைகளின் பாதுகாப்புக்கு என்ன விதிகள் வைத்திருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். இதே கேள்விகளைச் சபைக் குழுக்களைப் பற்றியும் கேளுங்கள். அதோடு, வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு, வீட்டாரல்லாத ஒரு நம்பகமான பெரியவர் இருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். பள்ளிப் பிள்ளைக்கு மனக்கவலையைச் சொல்ல ஓர் ஆசிரியராவது இருப்பார். உங்கள் மகளுக்கு அப்படி யார் இருக்கிறார் என்று யோசியுங்கள். அத்தையோ, சபையில் மூத்த சகோதரி ஒருவரோ, யாராக இருந்தாலும் அந்த உறவுக்கு இடம் கொடுங்கள்.

வார நாளில் வெளியே போகும்போது

உங்களை அடையாளம் காட்டாதிருக்க நாட்டின் பெயரை நீங்கள் எழுதவில்லை. சட்டம் நாட்டுக்கு நாடு பெரிதும் மாறுகிறது. ஜெர்மனியில் பள்ளிக்குப் போவது கட்டாயம். சமய நம்பிக்கையை முன்வைத்து வீட்டில் படிப்பித்த ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தின் வழக்கில், அரசு தலையிட்டது தவறில்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. சுவீடனில் மிக விதிவிலக்கான காரணம் இருந்தால் மட்டுமே அனுமதி. இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், பள்ளியிலோ வேறு வகையிலோ பிள்ளைக்குத் தகுந்த கல்வி கிடைக்கச் செய்வது பெற்றோரின் கடமை என்கிறது. அந்த ‘வேறு வகை’யில் வீட்டுக்கல்வி அடங்கும். அமெரிக்காவில் எல்லா மாநிலங்களிலும் இது சட்டப்படி செல்லும், ஆனால் விதிகள் வேறுபடும்: டெக்சாஸில் அரசுக்குத் தெரிவிக்கவும் தேவையில்லை, நியூயார்க்கிலோ ஆண்டுத் திட்டமும் காலாண்டு அறிக்கைகளும் கொடுக்க வேண்டும். இந்தியாவில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரையுள்ள பிள்ளைகளைப் பற்றியது. வீட்டில் படிப்பவர்கள் பலர் தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனத்தின் வழியாகத் தேர்வு எழுதுகிறார்கள்.

நீங்கள் இருக்கும் இடத்தில் வீட்டுக்கல்வி சட்டப்படி செல்லுமானால், செய்ய வேண்டிய அறிவிப்பையும் பதிவையும் முறையாகச் செய்திருந்தால், வார நாளில் பிள்ளைகளோடு பூங்காவில் இருப்பது குற்றமாகாது. சில இடங்களில் பள்ளி நேரத்தில் வெளியே இருக்கும் பிள்ளைகளைக் காவலர்கள் விசாரிக்கும் வழக்கம் உண்டு. அப்படி யாராவது கேட்டால் மரியாதையாகப் பதில் சொல்லுங்கள், பதிவுக் கடிதத்தின் நகல் ஒன்றைப் பையில் வைத்திருங்கள். அறிவிப்போ பதிவோ இன்னும் செய்யாமல் இருந்தால், உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் பேசி இந்த மாதமே சரிசெய்யுங்கள். அச்சத்தோடு பிள்ளைகளை வெளியே அழைத்துப் போனால் அந்த அச்சம் அவர்களுக்கும் தொற்றிக்கொள்ளும். பயணங்களை ஆவணப்படுத்த வேண்டிய இடமாக இருந்தால், தேதி, இடம், என்ன பார்த்தோம் என்று நீங்களே இரண்டு வரி எழுதி வைத்துக்கொள்ளலாம். பதிவேடு காட்டும் பொறுப்பு பெற்றோருடையது; அதற்காகப் பிள்ளையை ஒரு பக்கம் எழுதவைக்க வேண்டியதில்லை.

வழிப்போக்கர்கள் வாய்ப்பாடு கேட்கும்போது, பிள்ளைகள் சரியாகச் சொன்னால் வீட்டுக்கல்வியின் மதிப்பு உயரும் என்று நினைத்து நீங்களும் அவர்களைச் சொல்லத் தூண்டுகிறீர்கள். வெளியே நடந்துகொள்வது நம் சாட்சி என்றும் அடிக்கடி சொல்கிறீர்கள். பெற்றோரின் தீர்மானம் சரி என்று உலகத்துக்கு நிரூபிக்கும் வேலை பிள்ளைகளின் தோளில் ஏறிவிடுகிறது. ஒரு தவறான விடை சொல்லிவிட்டால் அம்மாவுக்கு அவமானம், ஆண்டவருக்கும் அவமானம் என்று 13 வயதுப் பெண் நினைக்கத் தொடங்கினால், வெளியே வர அவளுக்கு எப்படி மனம் வரும்? அடுத்த முறை யாராவது கேட்டால், “நாங்கள் வீட்டில் படிக்கிறோம், இன்று வெளியே வந்திருக்கிறோம்” என்று நீங்களே புன்னகையோடு சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

பள்ளிக்கு அனுப்புவது தோல்வியா?

இல்லை. ஏழு வயதுப் பெண்ணுக்காக எடுத்த தீர்மானத்தை, அதே பெண் 13 வயதாகும்போது மறுபடியும் ஜெபத்தோடு எடுத்துப் பார்ப்பது உங்கள் கடமை. வீட்டிலேயே தொடர்வது, பள்ளியில் சேர்ப்பது, சில பாடங்களுக்கு மட்டும் கூட்டு வகுப்புக்கு அனுப்புவது என்று மூன்று வழிகளும் விசுவாசக் குடும்பங்களில் நடப்பவைதான். ஒரு பிள்ளை பள்ளியிலும் மற்றவர்கள் வீட்டிலும் படிக்கும் குடும்பங்களும் உண்டு. கோபத்தில் சொன்ன ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நாளைக்கே சேர்ப்பதும் தவறு, அந்த வார்த்தையைக் கேட்காததுபோல் இருப்பதும் தவறு. பள்ளியில் சேர்ந்தால் அவளுக்குத் தோழிகளும் வேறு ஆசிரியர்களும் கிடைப்பார்கள். அதோடு தேர்வு அழுத்தமும், புதிய இடத்தில் தன்னை நிலைநிறுத்திக்கொள்ளும் சிரமமும் வரும். எந்த வகுப்பில் சேர்ப்பார்கள், சேர்க்கைத் தேர்வு உண்டா, முந்தைய ஆண்டுகளுக்கு என்ன சான்று கேட்பார்கள் என்பவற்றை இப்போதே விசாரித்து வைத்துக்கொண்டால், முடிவெடுக்கும்போது அச்சம் குறையும்.

நான் மேலே சொன்ன மாற்றங்களை முதலில் மூன்று மாதம் செய்து பாருங்கள். அடுத்த கல்வியாண்டின் சேர்க்கை தொடங்குவதற்கு முன்பாக ஒரு நாளைக் குறித்து, அன்று இதைப் பற்றி முடிவாகப் பேசுவோம் என்று மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். தன் கேள்வி கிடப்பில் போடப்படவில்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அந்தப் பேச்சில் அவளை முதலில் பேச விடுங்கள். உங்கள் கடிதத்தில் கணவர் மிகக் குறைவாகவே வருகிறார். இந்த முடிவின் பாரத்தை நீங்கள் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை. அவருக்கு விடுப்பு கிடைக்கும் நாளாகப் பார்த்தே அந்த நாளைக் குறியுங்கள்.